ராவுதூள்

7.3.2025, வெள்ளி

பத்தரைக்குப் போட்ட படம், பாதியில் தூங்கிவிட்டேன். குறை படத்திடம் இல்லை. 1948இல் வந்த 'தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாத்ரே'; ஜான் ஹூஸ்டன் எடுத்தது. கதை 1925இல், மெக்சிகோவின் டாம்பிகோ ஊரில் தொடங்குகிறது. கையில் காசில்லாத அமெரிக்கன் டாப்ஸ், வெள்ளை கோட்டு போட்ட ஒரே ஆளிடம் மூன்று முறை கை நீட்டுகிறான். முகத்தை நிமிர்ந்து பார்த்தால்தானே! மூன்றாம் முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அந்த வெள்ளை கோட்டு ஹூஸ்டனேதான். குறும்புக்காரர்.

8.3.2025, சனி

மீதியை அப்பாவோடு பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவர். தங்கம் தேடிப் போன மலையில் மின்னும் கல்லைக் கண்டு டாப்ஸும் அவன் கூட்டாளி கர்ட்டினும் குதிக்க, "பளபளன்னு இருந்தா அது தங்கமில்லடா" என்றார். அவர்களோடு போன மூன்றாவது ஆள், கிழவர் ஹோவர்டு சொன்னதும் அதுதான்.

தோண்டியெடுத்த தங்கத்தூளை மூன்று பங்காக நிறுக்கும் இடத்தில் அப்பா டி.வி.யைப் பார்க்கவில்லை, தராசைத்தான் பார்த்தார். அவரவர் பங்கை அவரவர் ஒளித்து வைக்கிறார்கள். அன்றிலிருந்து யாருக்கும் தூக்கமில்லை. கிளம்பும்போது, மலையைக் காயப்படுத்திவிட்டோம், சரிசெய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கிழவர் அடம்பிடிப்பது எனக்குப் பிடித்த காட்சி.

கடைசியில் கொள்ளைக்காரர்கள், தோல்களுக்கு நடுவே ஒளித்திருந்த தங்கத்தூள் மூட்டையை அவிழ்க்கிறார்கள். தோலின் எடையைக் கூட்டிக்காட்ட வைத்த மணல் என்று நினைத்து அத்தனையையும் தரையில் கொட்டுகிறார்கள். "அய்யய்யோ, கொட்றானே!" என்று அப்பா எழுந்தே விட்டார். அரத்தில் ராவின தூள் சிந்தாமல் மடியில் துணி கட்டி உட்கார்ந்த மனுஷன். கை கழுவின தண்ணீரைக்கூட வாசலில் ஊற்ற விடமாட்டார். பட்டறையைப் பெருக்கின குப்பையை அரித்துத் தங்கம் எடுக்கிறவர்கள் விலை கொடுத்து வாங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

9.3.2025, ஞாயிறு

படத்தைப் பற்றிப் படித்ததில் பொழுது போனது. கிழவராக நடித்த வால்டர் ஹூஸ்டன் டைரக்டரின் சொந்த அப்பா. மகன் பேச்சைக் கேட்டுப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடித்திருக்கிறார். அந்தக் குழறலும் வேகமும் அப்படி வந்தவை. 1949 ஆஸ்கரில் அப்பாவுக்குத் துணை நடிகர் விருது, மகனுக்கு இயக்கம், திரைக்கதை இரண்டுக்கும். டாப்ஸாக நடித்த ஹம்ப்ரி போகார்ட்டுக்கு நாமினேஷன்கூட இல்லை. சந்தேகம் ஒரு மனுஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதை அவர் காட்டியதுபோல் யார் காட்டினார்கள்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூலநாவல் 1927இல் ஜெர்மனில் வந்தது. பி. ட்ராவன் என்பது புனைபெயர். ஆள் வெளியே தலைகாட்டாதவர். தன் சார்பாக ஹால் குரோவ்ஸ் என்ற ஒருவரை ஹூஸ்டனிடம் அனுப்பினார். அந்தக் குரோவ்ஸே ட்ராவன்தான் என்று பலரும் நம்புகிறார்கள். புதையலைவிட இந்த ஆள் சுவாரசியம்!

12.3.2025, புதன்

சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "அந்தக் கிழவர் ஏன்டா அப்படிச் சிரிச்சார்?" என்றார். பத்து மாசப் பாடு, எடுத்த மலைக்கே காற்றோடு திரும்பிப் போய்விட்டது, அதற்குத்தான் சிரிக்கிறார் என்றேன். ரசத்தைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காத்துல அவ்ளோ தூரம் போகாதுடா. தங்கம் கனம். மழைக்கு முன்னாடி அந்த மண்ணை அள்ளி அரிச்சிருந்தா பாதியாவது தேறியிருக்கும்."