டிபன் கேரியரில் போன பித்தளை

என் முதல் வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில். தவறு செய்ததாக மெமோ பெற்ற தொழிலாளியை வைத்து உள்விசாரணை நடக்கும்போது, கேள்வியையும் பதிலையும் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. அப்படி எழுதிய விசாரணைகளில் ஒன்று இன்றும் மனதை விட்டு அகலவில்லை. பதினான்கு ஆண்டுகள் லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் நின்ற ஒருவர், பித்தளைச் சீவலைத் துணியில் முடிந்து, டிபன் கேரியரின் அடியடுக்கில் வைத்து வெளியே கொண்டு போகும்போது வாயிற்காவலரிடம் பிடிபட்டார். எடை போட்டதில் ஒன்றரைக் கிலோ தேறியது.

விசாரணை அதிகாரி கேட்டதும் அவர் மறுக்கவில்லை. "எடுத்தேன் சார். பதினாலு வருஷத்துல ஒரு போல்ட்டு கூட என் வீட்டுக்குப் போனதில்ல. நாலு மாசமா ஓவர்டைம் காசுல கை வச்சீங்களே, ஏன்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றார். அவர் சொன்னது உண்மை. மிகைநேர வேலைக்கு வழக்கமான ஊதியத்தைப் போல் இருமடங்கு தர வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. பஞ்சப்படி போன்ற படிகளையும் சேர்த்தே அந்த ஊதியத்தைக் கணக்கிட வேண்டியிருந்தது. எங்கள் நிர்வாகம் நான்கு மாதங்களாகப் படிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. மேற்பார்வையாளரிடம் கேட்டவர்களைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கணக்குப் பிரிவில் "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆனால், "அது குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமில்லை, 'எடுத்தேன்' என்பதை மட்டும் எழுதுங்கள்" என்றார் அதிகாரி. நானும் அப்படியே எழுதினேன்.

பல ஆண்டுகள் கழித்து ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்தக் கேரியர்தான் கண்முன் வந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு நடந்தது. ஓர் ஆலையில், ஒப்பந்தங்கள் கைநழுவியதால் ஆட்குறைப்பைத் தவிர்க்கவே இப்படிச் செய்கிறோம் என்று வருத்தத்துடன் சுமார் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார்கள். மற்றதில் பதினைந்து நிமிடத்தில் செய்தியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குறைக்கப்பட்ட அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் விளக்கம் சரியாகக் கிடைக்காத ஆலையில் திருட்டு மிக அதிகமாக இருந்தது. சம்பளம் பழைய நிலைக்குத் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது. அந்தப் பத்து வாரத்தில் அங்கிருந்தவர்களின் குணம் கெட்டுப் பின்பு திருந்திவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது எதற்காக என்று தெரியாதவன், அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் வழியைத் தேடுகிறான் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எல்லா விதிமீறலும் மனக்குறையில் பிறப்பதில்லை. சில, பழக்கத்தில் பிறக்கின்றன. ஆவடிப் பக்கமிருந்து வரும் மின்சார ரயில் ஒரு நாள் தாமதமானால், முன்னால் வந்த நண்பர், தாமதமானவரின் வருகைப் பதிவு அட்டையையும் எடுத்துப் பஞ்ச் அடித்துவிடுவார். அன்றைக்கு உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்பதால் மேற்பார்வையாளர் பார்த்தும் பாராததுபோல் இருப்பார். மூன்று மாதத்தில் அது ஷிப்டின் வழக்கமாகிவிடும். புதிதாகச் சேரும் இளைஞன் நிலையாணைகள் எனப்படும் தொழிற்சாலையின் எழுத்து விதிகளைப் படித்து வேலையைக் கற்றுக்கொள்வதில்லை, பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் அண்ணன் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறான்.

இலக்கு என்ற பெயரில் மேலிருந்து வரும் நெருக்கடியும் அப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளர்களின் சம்மதமின்றியே அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டது 2016இல் வெளியானபோது, வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,300 ஊழியர்களை நீக்கியதாக வங்கியே தெரிவித்தது. 5,300 பேரும் தனித்தனியே ஏமாற்றுக்காரர்களாக வந்து ஒரே வங்கியில் சேர்ந்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சில இடங்களில் விதியே தவறாக இருக்கும். தி. நகரின் பெரிய ஜவுளிக் கடைகளில், நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்த பெண்கள், கால் கடுக்கும்போது கிடங்குக்குள் போய்த் துணிக்கட்டின் மேல் ஐந்து நிமிடம் உட்காருவார்கள். கண்காணிப்பவர் கண்ணில் பட்டால் திட்டு விழும். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தருவதைக் கட்டாயமாக்கினார்கள். முந்தைய நாள் வரை ஒழுங்கீனம் என்று திட்டு வாங்கித் தந்த செயல், அதன் பிறகு சட்டம் தந்த உரிமை ஆயிற்று.

இவற்றோடு சேர்க்கக் கூடாத ஒன்று உண்டு. கீழே வேலை செய்பவரை வாய்க்கு வந்தபடி ஏசுவதும், பெண் ஊழியரிடம் அத்துமீறுவதும் மனக்குறையால் வருபவை அல்ல. தன்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சலால் வருபவை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்று பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் சட்டம் சொல்வது அதனால்தான். இங்கே காரணம் தேடிக்கொண்டிருப்பதைவிட, புகாரை உடனே கையில் எடுப்பதே முக்கியம்.

ஆனால் திருட்டு, தாமதம், கீழ்ப்படியாமை என்று நிலையாணைகள் வரிசைப்படுத்தும் மற்ற குற்றங்களில், "ஏன்" என்று எழுத ஒரு கட்டம்கூட எங்கள் படிவத்தில் இருந்ததில்லை. செய்தாரா, இல்லையா என்பதோடு கோப்பு மூடப்படும். அந்த லேத் தொழிலாளி நீக்கப்பட்ட பிறகும் மூன்று பேர் சீவலோடு பிடிபட்டார்கள்; சோதனைக்கு மேலும் ஒரு காவலரை நியமித்தார்களே தவிர, மிகைநேரக் கணக்கை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு இருந்த கோப்பு என் மேசைக்குப் பின்னாலிருந்த பீரோவில்தான் இருந்தது.

விசாரணை முடிந்து தாளை அவர் பக்கம் நகர்த்தியபோது, அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பாதிதான் இருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.