சைக்கிளுக்கு எதுக்குங்க கேஸ்?

முழங்கைக் காயம் ஆறிவிட்டது, எரிச்சல் இன்னும் ஆறவில்லை. சைக்கிளில் போகிறவனை ஒரு வேன் தள்ளிவிட்டுப் போனால், அதற்கு ஒரு மனு ரசீது வாங்குவதற்குள் என்ன பாடு படவேண்டியிருக்கிறது என்பதை எழுதிவைக்கிறேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரத்துக்கும் சாயல்குடிக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகவேண்டும்.

இந்தச் சாலையில் மிதிப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டுத் திருச்செந்தூருக்கு விரையும் வேன்கள், முன்னால் போகும் லாரியை முந்துவதற்காக நம் பக்கம் ஏறி வரும். ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் ‘நீ இறங்கு’ என்று அர்த்தம். எங்கே இறங்குவது? தார் முடியும் இடத்தில் அரையடிப் பள்ளம், அதைத் தாண்டினால் மணல், அதற்கும் அப்பால் சீமைக்கருவேல முள். அன்றைக்கு இறங்குவதற்கு நேரமே இல்லை. வேனின் பக்கக் கண்ணாடி ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டது. முன் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எட்டுப்போல வளைந்தது. முழங்கையும் முட்டியும் தேய்ந்து ரத்தம். வேன் நிற்கவே இல்லை.

முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், கொஞ்ச தூரத்தில் வாகனச் சோதனை. ஹெல்மெட் போடாத எக்ஸ்எல்காரர்களை ஓரங்கட்டி ஆளுக்கு 1000 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் கேட்பது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வேன் இவர்களைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். ஏட்டையா என்னை ஒருமுறை, சைக்கிளை ஒருமுறை பார்த்தார். “வண்டி போயிருச்சுல்ல தம்பி, இனி எங்கிட்டுப் பிடிக்கிறது? ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுங்க” என்றார். அப்புறம், “சைக்கிளக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க. போற வர்ற வண்டிக்கு இடைஞ்சலா இருக்கு” என்றார்.

காயத்தைவிட இதுதான் அதிகமாக வலித்தது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-ஆவது பிரிவு, முறைதவறி முந்துவதையும் எதிர்த்திசையில் ஓட்டுவதையும் அபாயகரமாக வாகனம் ஓட்டுதல் என்றே வெளிப்படையாகச் சொல்கிறது. முதல் தடவைக்கே அபராதம் 5000 வரை போகலாம், சிறையும் உண்டு. சட்டத்தில் குறை இல்லை. ஹெல்மெட் இல்லாத தலை தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கை காட்டினால் எக்ஸ்எல்லும் நின்றுவிடும். முந்திக்கொண்டு பாய்ந்து வரும் வேனை நிறுத்துவதற்கு நடுரோட்டில் இறங்கவேண்டும். ஆகவே, யார் சுலபமாக நிற்கிறாரோ அவருக்குத்தான் சட்டம்.

பாம்பன் பாலத்திலும் இதே கதைதான். 2025-இல் புது ரயில் பாலம் திறந்த பிறகு, அதைப் பார்க்கவும் படம் எடுக்கவும் கார்கள் பாலத்து மேலேயே வரிசைகட்டி நிற்கின்றன. நிறுத்தக்கூடாத இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே மீன்பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஏற்றம் மிதித்து வரும் அண்ணன் ஒருவர் மூச்சு வாங்க நின்றபோது விசில் அவருக்குத்தான் வந்தது. பக்கத்தில் இருந்த கார்களுக்கு வரவில்லை. அதுவே மதுரையிலிருந்து கியர் சைக்கிளில் அரிச்சல்முனைக்குப் போகும் கூட்டம் என்றால் மரியாதை வேறு மாதிரி. கூட நின்று செல்ஃபிகூட எடுத்துக்கொள்வார்கள். எல்லாமே சைக்கிள்தான்.

அப்பா காலத்தில் ராத்திரி லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்களாம். அவர் இதைக் குறையாகத்தான் சொல்வார். இப்போது யோசித்தால், அன்றைக்காவது சைக்கிளை ஒரு வண்டியாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சரி, ஸ்டேஷனுக்கு வருகிறேன். புகார்களை எழுதும் போலீஸ்காரரான ரைட்டர் பேனாவை எடுத்து “வண்டி நம்பர்?” என்றார். சைக்கிள் என்றேன். பேனா கீழே போய்விட்டது. “சைக்கிளுக்கு எதுக்குங்க கேஸ்? கோட்டம் எடுத்தா சரியாப்போகும்.” பிறகு கேள்விகள்: பெல் இருந்ததா, லைட் இருந்ததா (நல்ல வெயில் நேரம்!), சைக்கிள் வாங்கிய பில் எங்கே? பில்லை யார் வைத்திருக்கிறார்கள்? கடைசியில், விழுந்த இடம் தங்கள் எல்லையில் வராது, அடுத்த ஸ்டேஷன் என்றார். அடுத்த ஸ்டேஷனில் போய்க் கேட்டால், இடத்தைக் கேட்டுவிட்டுப் பழைய ஸ்டேஷனையே காட்டினார்கள். அன்றைய சம்பளம் போனதுதான் மிச்சம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விழுந்த இடத்தில் எழுந்து நிற்க முடிந்தால், முதலில் கிலோமீட்டர் கல்லைப் போட்டோ எடுங்கள். போனில் லொக்கேஷனும் ஆன் ஆகியிருக்கட்டும். “பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி” என்று சொன்னால் இரண்டு ஸ்டேஷனுக்கும் நீங்கள் பந்துதான். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது என்பது இன்னொரு விஷயம். 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-ஆவது பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதியலாம் என்கிறது. எழுத்து மூலமாக மட்டுமல்ல, மின்னணு முறையிலும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் மூன்று நாளைக்குள் கையெழுத்துப் போடவேண்டும். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். இதையெல்லாம் கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் குரல் கொஞ்சம் நிமிரும், அவ்வளவுதான்.

வழி காட்டியவர் மெடிக்கல் ஷாப் அண்ணன். பஞ்சு வாங்கப் போனபோது, “இங்க கட்டுப் போட்டா அதோட முடிஞ்சிரும் தம்பி. ஜி.எச்.க்குப் போயி ஏ.ஆர். போடச் சொல்லு” என்றார். அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதியதும் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். போனது. “வேன் மோதியதாகச் சொல்கிறார்” என்று டாக்டர் கைப்பட எழுதிய பிறகு, கோட்டம் எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வண்டி நம்பர்தான் மிச்சம். சாலையோர டீக்கடைக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கேமரா இருந்தது. அது கல்லாவைப் பார்க்கிற கேமரா. ஆனாலும் ஓரத்தில் ஒரு முழம் சாலை தெரியும். அந்த ஒரு முழத்துக்குள் வேன் வந்துபோன நொடியை அவர் கடையைக் கவனித்துக்கொண்டே ஓட்டி ஓட்டித் தேடினார். சட்டினி வாளிக்கும் பன் பாட்டிலுக்கும் மேலே நம்பர் பிளேட்டில் கடைசி நாலு எண் மட்டும் தெளிவாக விழுந்தது. பின்கண்ணாடியில் டிராவல்ஸ் பெயர். போதும். “சீக்கிரம் எடுத்துக்கங்க தம்பி, பழசு அழிஞ்சிட்டே இருக்கும்” என்றார். திரையை அப்படியே போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். இதைத் தள்ளிப்போடவே கூடாது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஏ.ஆர். விவரம், கிலோமீட்டர் கல், வீடியோ, வளைந்த ரிம்மின் படம் எல்லாவற்றையும் சேர்த்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் புகார் போட்டேன். முதல்வர் உதவி மைய எண்ணான 1100-க்கும் போன் செய்தேன். அந்த மனு சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும், தெரிந்துதான் செய்தேன். மேலேயிருந்து வந்தால் பதில் எழுதியாகவேண்டும். எதிர்பார்த்தபடியே போன் வந்தது: “ஏங்க ஆன்லைன்ல எல்லாம் போட்டுக்கிட்டு? நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்ல?” நேரில் வந்தவன்தான் சார் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அன்று சாயங்காலமே சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, கையில். அதே ரைட்டர்தான் எழுதினார். பில் கேட்கவில்லை. (பில் இல்லாதவர்கள் பெடல் அச்சுக்கு அடியில் பிரேமில் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், உதவும்.)

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. நாலு எண்ணையும் டிராவல்ஸ் பெயரையும் வைத்து வேனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலாளி வந்தார், டிரைவர் வரவில்லை. “சைக்கிள்தானே, பாத்துச் செஞ்சிருவோம்” என்று பாக்கெட்டில் கை விட்டார். எஸ்.ஐ. நல்லவிதமாகவே பேசினார்: வழக்கு என்று போனால் 281, 125 எல்லாம் போடலாம், நீங்களும் கோர்ட்டுக்கு நடக்கவேண்டும், யோசித்துச் சொல்லுங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதற்கு இருந்த 279-தான் புதுச் சட்டத்தில் 281; 125 என்பது அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது. அப்படி நடந்தால் என் வேலையும் சேர்ந்து நடந்துவிடும். ரிம், டயர், மருந்துச் செலவு, போன சம்பளம் கொடுத்தால் போதும், ஆனால் 184-இல் அபராதம் போட்டே ஆகவேண்டும் என்றேன். முதலாளி பணத்துக்கு உடனே ஒத்துக்கொண்டார். அபராதத்துக்குத்தான் முகம் சுருங்கியது. மெஷினில் சீட்டு வந்தது: 1000 ரூபாய். ஹெல்மெட் இல்லாத எக்ஸ்எல்காரருக்கும் ஆயிரம்தான்.

முடிக்கும்போது ‘மேல்நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதிக் கேட்பார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வேன் நம்பர், சி.எஸ்.ஆர். எண், வாங்கிய தொகை, எதற்காக வாங்கினோம் என்பதை நம் கையால் எழுதி, ஒரு நகல் எடுத்துக்கொள்ளவேண்டும். பணத்தைக் கையில் வாங்கிய பிறகே கையெழுத்து. ரைட்டர் முதலில் தொகை இல்லாமல் ஒரு தாளை நீட்டினார். திருப்பிக் கொடுத்து நானே எழுதினேன்.

அந்த அரையடிப் பள்ளத்துக்காகக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுநாளில் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறேன். மீன்பெட்டி அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வழியில் மிதிக்கிற வேறு யாராவது சேர்வதாக இருந்தால், பள்ளத்தின் படத்தையும் கிலோமீட்டர் கல்லையும் வைத்து நீங்களும் ஒன்று கொடுங்கள். ஒரே இடத்துக்கு நாலைந்து மனு போனால் கொஞ்சம் மண்ணாவது அடிப்பார்கள்.