பன்னி யாரோடது, பணம் யாருக்கு

2020ல நான் அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல அக்கவுண்டிங் ஆபீஸ்ல வேலை பாத்துட்டு இருந்தேன், வர்றவங்கள்ல பாதிக்கு மேல விவசாயிங்க தான். ஏப்ரல்ல அப்போ அமெரிக்க விவசாய செயலரா இருந்த சன்னி பெர்டூ, கொரோனா நிவாரணமா விவசாயிங்களுக்கு நேரடியா 1,600 கோடி டாலர்னு அறிவிச்சாரு, மே 26ல இருந்து அப்ளிகேஷன். அதை வாங்க வேண்டியது கவுண்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, இருக்குற ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சிங்கற அரசு விவசாய ஆபீஸ், ஆனா உள்ள யாரையும் விடல, எல்லாம் ஃபோன்லயும் ஈமெயில்லயும் தான். அங்க இருந்தவங்க பொறுமையாத்தான் பேசுனாங்க, இருந்தாலும் ஸ்கேன் பண்ணி அனுப்பத் தெரியாத பெரியவங்க எல்லாம் பேப்பரை எடுத்துட்டு எங்ககிட்ட வந்துட்டாங்க.

அப்ளிகேஷன் ஃபார்ம் சின்னது தான், அதுல எந்த நம்பரை போடுறதுங்கறதுல தான் வேலையே. மக்காச்சோளத்துக்கு 2019 விளைச்சல்ல பாதி, இல்ல ஜனவரி 15 அன்னிக்கு விலை பேசாம கையிருப்புல இருந்தது, எது கம்மியோ அதுக்கு புஷலுக்கு (அங்க தானியம் அளக்குற அளவு) சராசரியா 33.5 சென்ட். முன்னாடியே ரேட் பேசி முடிச்சவருக்கு சோளம் இன்னும் அவர் இடத்துலயே கிடந்தாலும் ஒண்ணும் கிடையாது, விலை இறங்குனதுல அவருக்கு நஷ்டம் இல்லங்கறது கணக்கு. அது எனக்கு சரியாத்தான் பட்டுச்சு.

பன்னி விஷயத்துல தான் எனக்கு இன்னும் மனசு ஆறல. ஏப்ரல்ல சூ ஃபால்ஸ், வாட்டர்லூன்னு பெரிய இறைச்சி ஆலைங்கள்ல தொழிலாளிங்களுக்கு கொரோனா பரவி மூடிட்டாங்க, வெட்ட இடமில்லாம பன்னிங்க ஷெட்லயே பெருத்துட்டே போச்சு. இங்க நிறைய பேர் கான்ட்ராக்ட்ல வளக்குறவங்க, நம்ம பல்லடம் பக்கம் பிராய்லர் கோழி வளக்குற மாதிரியே தான், ஷெட்டும் லோனும் உழைப்பும் விவசாயியோடது, குட்டியும் தீவனமும் கம்பெனியோடது. நிவாரணம் ஏப்ரல் 16லேர்ந்து மே 14 வரைக்கும் இருந்த பன்னிக்கு தலைக்கு 17 டாலர், ஆனா விலை இறங்குனா யாருக்கு நஷ்டமோ அவங்களுக்கு, அதாவது பன்னிக்கு சொந்தக்காரங்களுக்கு.

எங்ககிட்ட வந்த ஒருத்தருக்கு அந்த வருஷம் புது குட்டி விடுறதையே தள்ளிப் போட்டுட்டாங்க, அவரோட கான்ட்ராக்ட்ல ஷெட் காலியா நின்னா கூலி கிடையாது, பேங்க் தவணை மட்டும் மாசாமாசம் வந்துட்டே இருந்துச்சு. உங்களுக்கு இதுல இடமில்லீங்கன்னு சொல்ல வேண்டிய ஆளு நான். செப்டம்பர்ல ரெண்டாவது ரவுண்டு வந்துச்சு, அதுலயும் கான்ட்ராக்ட்காரங்க கிடையாது. விலை இறங்குனா மட்டும் தான் நஷ்டமா, வேலையே நின்னு போனா அது நஷ்டம் இல்லையா? ரூல் எழுதுனவங்களுக்கு இப்படி ஆளுங்க இருக்காங்கன்னு தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல, அதான் கோவம் வருது.

பணம் வாங்குனவங்களுக்கு வேற ஒரு அதிர்ச்சி, நிவாரணம்னாலும் அது வருமானம் தான், அந்த வருஷமே டேக்ஸ் கட்டணும், அடுத்த வருஷத்துக்கு தள்ள முடியாது. பாதி பேர் அதை செலவு பண்ணிட்டு தான் வந்தாங்க.

கான்ட்ராக்ட்காரங்களுக்கு டிசம்பர்ல சட்டம் போட்டு, 2021 ஆகஸ்ட்ல தான் வழி பண்ணாங்க, 2020 வருமானத்தை 2018 இல்ல 2019ஓட ஒப்பிட்டு குறைஞ்சதுல 80 சதவீதம் வரைக்கும். அக்டோபர் 12 கடைசி நாள், ஷெட் காலியா நின்ன அந்த விவசாயியோட அப்ளிகேஷனை முதல் வாரமே போட்டுட்டோம். அதுவரைக்கும் தவணை கட்டுனது அவர் மனைவி ஸ்கூல் கேன்டீன்ல வாங்குன சம்பளத்துல. பணம் ஏறுனதும் ஃபோன் பண்ணாரு, இதுல டேக்ஸுக்கு எவ்ளோ எடுத்து வெக்கணும்னு தான் முதல்ல கேட்டாரு.