கண்டெம்ப்ட் நம்பர மாத்தி மாத்தி ஓட விட்டுப் பாத்தது

ஸ்டாக்ஃபிஷ் 11-ங்குற செஸ் என்ஜின்ல, அதாவது செஸ் ஆடுற புரோகிராம்ல, கண்டெம்ப்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, மைனஸ் 100-லேர்ந்து 100 வரைக்கும் வைக்கலாம், டிஃபால்ட்டா 24-ல நிக்கும். இப்ப வர்ற புது வெர்ஷன்ல தேடாதீங்க, எடுத்துட்டாங்க. நான் 11-ஐ எடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, 2020-ல 12 வந்தப்போ நியூரல் நெட்வொர்க் உள்ள பூந்துருச்சு, 11 வரைக்கும் மனுசன் கையால எழுதுன கணக்குதான், பழைய லேப்டாப்புல வேகமா ஓடும். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துப் புள்ளைங்களுக்கு சனிக்கிழம செஸ் சொல்லிக் குடுக்குறேன், அதுங்க மோதிப் பாக்க டிராவுக்கு ஒதுங்காத ஒரு என்ஜின் வேணும், அதுக்குத்தான் இவ்வளவும்.

கண்டெம்ப்ட்னா என்னன்னா, என்ஜின் தன் பக்கத்துக்கு இல்லாத சாதகத்த இருக்குறதா சேத்துக்குது. 100 வெச்சா ஒரு சிப்பாய் அளவு. இதுல அழகான விசயம், நடு ஆட்டத்துல முழுசா சேக்கும், எண்ட்கேம்ல பாதிதான் சேக்கும், கோட்லயே அப்படித்தான் எழுதியிருக்கு. அதனால காய் கொறையக் கொறைய அந்த கற்பனை சாதகமும் கொறையுது, என்ஜின் அத விட மனசில்லாம காய மாத்தாம வெச்சுக்கிட்டே இருக்கும். ராணிக்கு ராணி மாத்திக்கலாம்னு எதிராளி கொண்டாந்து நிறுத்துனா 0 வெச்சது சரின்னு வெட்டிக்குது, 100 வெச்சது ராணிய ஒதுக்கிட்டுப் போகுது. அதே மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே நகர்த்தல திருப்பித் திருப்பி ஆடி டிரா ஆகப்போற எடத்துல, 0 கம்முனு மூணாவது தடவையும் அதையே ஆடும், 100 அங்க ஒரு ஓரச் சிப்பாய தள்ளிட்டு ஆட்டத்த இழுக்கும், அந்த நகர்த்தல் நல்லதா இல்லன்னாலும். ஸ்கிரீன்ல காட்டுற மதிப்பையும் அப்படியே நம்பாதீங்க, அதுலயும் இந்த நம்பர் கலந்திருக்கும்.

என்ஜின்கள ஒண்ணோட ஒண்ணு மோத விடுற கட்செஸ்ங்குற புரோகிராமோட கமாண்ட் லைன்லதான் ஓட விட்டேன். ஒரே ஓப்பனிங்க ரெண்டு பேரும் வெள்ள ஒரு தடவ கறுப்பு ஒரு தடவ ஆடணும், இல்லன்னா கணக்கே தப்பாயிடும். நேரம் வெச்சு ஆட விடல, இந்த வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ மத்தியானத்துல லேப்டாப் சூடாகி வேகம் கொறஞ்சிரும், அப்புறம் காலையில ஆடுன ஆட்டமும் மத்தியானம் ஆடுனதும் ஒண்ணா இருக்காது, அதனால ஒரு நகர்த்தலுக்கு இத்தன நோட்ஸ்தான், அதாவது என்ஜின் இத்தன நிலையத்தான் யோசிச்சுப் பாக்கணும்னு கட்டிட்டேன். சாயங்காலம் இடி இடிச்சா பிளக்க புடுங்கிருவேன், முடிஞ்ச ஆட்டம் ஒவ்வொண்ணும் அப்பப்ப ஃபைல்ல எழுதிருது, அதனால போனது ஓடிக்கிட்டிருந்த ஆட்டம் மட்டும்தான்.

முதல்ல 0-வையும் 100-ஐயும் சம நோட்ஸ்ல மோத விட்டேன். டிரா நல்லா கொறஞ்சுது, வெற்றியும் தோல்வியும் ரெண்டுமே கூடுச்சு, ஆனா மொத்தத்துல 100 பின்னாடிதான். சமமான ஆளுகிட்ட இல்லாத சாதகத்த நம்பி ஆடுனா அடி வாங்கத்தான் செய்யும். அப்புறம் எதிராளிக்கு பத்துல ஒரு பங்கு நோட்ஸ் மட்டும் குடுத்து பலவீனமாக்குனேன், இப்ப கத தலகீழு, 0 டிரா விட்ட மாதிரி எடத்துலெல்லாம் 100 இழுத்து இழுத்து ஜெயிச்சிருச்சு. ஆக இந்த நம்பர் கூடுனா பலம் கூடுமா கொறையுமாங்குற கேள்விக்கு எதிர்ல ஒக்காந்திருக்குறது யாருன்னு தெரியாம பதில் சொல்லவே முடியாது.

24-க்கும் 0-வுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் கேக்காதீங்க, இந்த லேப்டாப்பால சொல்ல முடியாது. 100 ஆட்டத்துல பாதி டிரான்னு வெச்சுக்கிட்டாக்கூட பிழை எல்ல 50 ஈலோ (ஆட்ட பலத்த அளக்குற புள்ளி) கிட்ட வரும், 55 சதவீதம் எடுத்தா அது வெறும் 35 ஈலோதான், அந்தப் பிழைக்குள்ளயே அடங்கிப்போயிரும். பிழைய பாதியாக்கணும்னா ஆட்டம் நாலு மடங்கு வேணும். ஸ்டாக்ஃபிஷ் ஆளுங்க ஒரு சின்ன மாத்தத்துக்கே ஆயிரக்கணக்குல ஆட விடுறது இதுனாலதான். பத்து ஆட்டம் ஆட விட்டுட்டு இந்த செட்டிங்தான் பெஸ்ட்டுனு சொல்றவங்க பேச்ச தயவுசெஞ்சு நம்பாதீங்க.

புள்ளைங்களுக்கு கடைசியில ரோடெண்ட்ங்குற இன்னொரு என்ஜின்தான் செட் ஆச்சு. அதுல தால், பெட்ரோசியான்னு பழைய உலக சாம்பியனுங்க பாணியில ஆட வைக்க ஆளாளுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கு, நோட்பேட்ல தொறந்து நம்பர மாத்தலாம். தன்னோட தாக்குதலுக்கு ஒரு எடை, எதிராளி தாக்குதலுக்கு தனியா ஒரு எடைன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க, கண்டெம்ப்ட்ட விட இது நுணுக்கமான வேல. தால் ஃபைல போட்டு விட்டேன், ஒரு பொண்ணு ஆடிட்டு, "அண்ணே, இது குதிரைய சும்மா குடுத்துட்டு ராஜா மேல வருது, வாங்குறதா வேணாமா"ன்னு கேட்டுச்சு. வாங்கிட்டு ஆடிப் பாருமான்னேன், தோத்துருச்சு, திரும்ப ஆடணும்னு ஒக்காந்துருச்சு. எனக்கு வேண்டியது இந்த மாதிரி ஆட்டம்தான். அடுத்து அந்த ரெண்டு எடையையும் ஒவ்வொண்ணா மாத்தி, பலவீனமான எதிராளிகிட்டயும் சமமான எதிராளிகிட்டயும் தனித்தனியா ஓட விடப் போறேன், ராத்திரி சூடு கொறஞ்சதும் ஆரம்பிச்சா காலையில ஓரளவு ஆட்டம் சேந்திரும்.