ஊர்ந்து போகும் பிறை

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். மலேரியா ஒட்டுண்ணி தங்கியிருக்கும் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி மேல் வைத்துக் கொசுவை மயக்கி, ஸ்பிரிட்டில் ஒரு முக்கு முக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் போட வேண்டும். ஒரு ஊசியால் உடம்பை அழுத்திக்கொண்டு, இன்னொன்றால் தலையை மெதுவாக இழுத்தால் கழுத்தோடு இரண்டு சுரப்பிகளும் வெளியே வரும். வேகமாக இழுத்தால் தலை மட்டும் வரும். சரியாக வந்துவிட்டால், மூன்று இதழாக, வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று கிடக்கும்.

அதை நசுக்கி, அந்தத் திரவத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, கொஞ்சம் ஆல்புமின் புரதம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெல்லிய பிறைகள் சில தெரிந்தன. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் நீளம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒன்று அசைந்தது. பிறகு இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் கண்பார்வைக்குள் இருந்தவற்றில் பாதி வட்டமடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். கோயிலில் வலம் வருவோமே, அதற்கு நேர்மாறாக இடம் சுற்றின. ஒரு சுற்றுக்கு இருபது விநாடிக்கு முன்பின்.

அது எலிகளுக்கு வரும் மலேரியா ஒட்டுண்ணி, மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது. நான் ராமேஸ்வரம் தீவில் வளர்ந்தவள். ஒன்பது வயதில் எனக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்தாற்போல் மதியத்துக்குப் பிறகு குளிர் ஏறும். அம்மா வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் என்மேல் போட்டு, அதுவும் போதாமல் தானும் அணைத்துப் படுத்துக்கொள்வாள். சுகாதார ஊழியர் விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுத்துப்போனார். என்னை அப்படி உலுக்கியதன் உறவுக்காரனைத்தான் இருபது வருடம் கழித்து நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பிறைக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். கொசு கடிக்கும்போது நம் உடம்புக்குள் இறங்குவது இதுதான். இதற்குக் கால் இல்லை, வால் இல்லை, மயிரிழை இல்லை. அமீபா மாதிரி உடம்பை நீட்டிச் சுருக்குவதும் இல்லை. பிறகு எப்படி நகர்கிறது?

எங்கள் ஊரில் ஆழம் குறைந்த இடத்தில் வல்லத்தைக் கழி ஊன்றித் தள்ளுவார்கள். முன்முனையான அணியத்தில் நின்று கழியைத் தரையில் ஊன்றி, அதைப் பிடித்தபடியே வல்லத்தின் மேல் பின்பக்கமாக நடப்பார்கள். ஆள் பின்னால் நடக்க நடக்க வல்லம் முன்னால் போகும். கடைசிக்கு வந்ததும் கழியைப் பிடுங்கிவிடுவார்கள். ஸ்போரோசோயிட்டும் அச்சு அசலாக இதைத்தான் செய்கிறது. டிராப் என்ற புரதம்தான் கழி. அதன் ஒரு முனை தோலுக்கு வெளியே நீட்டித் தரையைப் பற்றும். மறுமுனை உள்ளே ஆக்டின் என்ற புரத இழையோடு சேர்ந்திருக்கும். தோலுக்கு அடியில் வரிசையாக நிற்கும், மயோசின் என்ற மோட்டார்ப் புரதங்கள் அந்த இழையைப் பின்னுக்கு இழுக்கும். பின்முனைக்கு வந்ததும் ஒரு நொதி டிராப்பை வெட்டிவிடும். டிராப் மரபணுவை நீக்கிய ஒட்டுண்ணியால் ஒழுங்காக நகர முடியாது, தொற்றவும் முடியாது என்று 1997-லேயே காட்டிவிட்டார்கள்.

வேகம் விநாடிக்கு ஒன்றிரண்டு மைக்ரான். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் நம் உடம்பின் காவலர்களான வெள்ளணுக்களைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு வேகம். துரத்திப் பிடிக்கவே முடியாது.

கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேராக ரத்தத்தில் கலந்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது சரியில்லை. கொசு அதைப் பெரும்பாலும் தோலில்தான் விடுகிறது, அதுவும் ஒரு கடிக்குச் சில பத்துகள்தான். அங்கிருந்து அது நடந்துபோய் ஒரு ரத்த நாளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒளிரும் ஒட்டுண்ணிகளை எலியின் தோலுக்குள் வைத்துப் படம்பிடித்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. கண்ணாடியில் வட்டமடித்தது, தோலுக்குள் வளைந்து வளைந்து அலைகிறது. நாளத்தின் அருகே வந்ததும் வேகம் குறைந்து அதைச் சுற்றித் தழுவுகிறது. சில உள்ளே நுழைகின்றன, சில வழி மாறி நிணநீர் நாளத்துக்குப் போகின்றன, மற்றவை தோலிலேயே நின்றுவிடுகின்றன.

நுழைந்தது கல்லீரலுக்குப் போய் ஓர் உயிரணுவுக்குள் குடியேறிவிட்டால் கதை மாறிவிடும். மனிதருக்கு வரும் மலேரியாவில் மிகக் கொடிய வகையான ஃபால்சிபாரம் என்றால் ஒரு வாரத்துக்குள் அந்த ஒன்றிலிருந்தே பல்லாயிரம் குட்டிகள் ரத்தத்தில் இறங்கும். ஆகவே நம் கையில் இருக்கும் நல்ல வாய்ப்பு அந்த நடைதான். எண்ணிக்கை பத்துகளில் இருக்கும்போதே, சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள், நடந்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். தடுப்பூசி பற்றி யார் கேட்டாலும் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

இந்த வழியைத் திறந்தவர் ரூத் நுஸ்ஸென்ஸ்வைக். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி பிரேசிலில் வளர்ந்து, நியூயார்க்கில் வேலை செய்தவர். எக்ஸ்-கதிர் பட்ட ஸ்போரோசோயிட்டுகளைச் செலுத்திய எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்புறம் மலேரியா வரவில்லை என்று 1967-ல் காட்டினார். கதிர் பட்டவை சாகவில்லை. நடந்து கல்லீரல் வரை போயின, உள்ளே வளர முடியாமல் நின்றுவிட்டன. கொன்று செலுத்தினால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. பிற்பாடு மனிதருக்கு இதே முறையைச் செய்துபார்த்தபோது, ஊசியால் தோலில் போட்டது சரியாகப் பலிக்கவில்லை. 2013-ல் நேராக ரத்த நாளத்தில் செலுத்தியபோது, அதிக அளவில் ஐந்து தவணை பெற்ற ஆறு பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கொசு விடுவது போல நம் ஊசிக்குத் தோலில் விடத் தெரியவில்லை, அதனால் அவற்றால் நடந்து வெளியேற முடியவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடும் இரண்டு தடுப்பூசிகளும் ஸ்போரோசோயிட்டின் மேலங்கியான சி.எஸ்.பி. என்ற புரதத்தைக் குறிவைப்பவை. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களை நம் உடம்பைச் செய்யவைக்கும். நடக்கும்போது பிறை இந்த அங்கியை உரித்து உரித்துப் பின்னால் விட்டுக்கொண்டே போகும். கண்ணாடியில் ஆன்டிபாடி ஊற்றி ஒளிரவைத்தால் அது போன தடம் நத்தையின் கோடு மாதிரி வட்டமாகத் தெரியும். எவ்வளவு ஆன்டிபாடி ஒட்டினாலும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தப்பிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கட்டுரை அந்த நினைப்பை மாற்றியது. வழியில் குறுக்கிடும் உயிரணுக்களைத் துளைத்துப் போக, ஸ்போரோசோயிட் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதன் சொந்தத் தோலை அந்தத் துளைப்பானிடமிருந்து காப்பது மேலங்கிதான். ஆன்டிபாடி ஒட்டிய நிலையில் அது நடந்தால் அங்கி மொத்தமாக உரிந்துபோகிறது, அதன் துளைப்பானே அதைத் துளைக்கிறது. நடந்தால் சாவு. நின்றால் தோலோடு முடிந்தது. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த இரண்டு தடுப்பூசிகளில் முதலாவதான ஆர்.டி.எஸ்.எஸ்.-ஐ உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. பெரிய பரிசோதனையில் நான்கு தவணை போட்ட குழந்தைகளிடம், நான்கு ஆண்டுகளில் மலேரியா நூற்றுக்கு 36 அளவுக்குக் குறைந்தது. ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கி, புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் ஆர்21 2023-ல் வந்தது. மலேரியாப் பருவத்துக்கு முன்னால் போட்ட இடங்களில் முதல் ஆண்டில் மலேரியா நூற்றுக்குச் சுமார் 75 அளவுக்குக் குறைந்தது. இந்த எண்கள் போதாது என்று சலித்துக்கொள்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும். 2023-ல் மட்டும் மலேரியாவால் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதில் மூன்றில் ஒரு பங்கு குறைவதென்றாலும் எத்தனை வீடு!

ஆனால் ஏன் நூற்றுக்கு நூறு வரவில்லை என்பதற்கும் அந்த நடையிலேயே விடை இருக்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி மாதாமாதம் இறங்குகிறது. இறங்கினால் சில பிறைகள் ஆன்டிபாடி போதுமான அளவு ஒட்டாத அங்கியோடு தப்பும்.

ஆர்21 செய்தி டி.வி.யில் வந்த அன்று அம்மா போன் செய்தாள். "ஏம்மா, ஊசி வந்துருச்சாமே, நம்ம பக்கம் எப்போ?" எனக்கு வந்தது வைவாக்ஸ் என்ற வேறு வகை மலேரியா, இந்த ஊசி ஃபால்சிபாரத்துக்கு, ரெண்டும் ஒரே மாதிரி நடந்தாலும் சட்டை வேறம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அந்தச் சட்டைக்கும் யாராவது தைக்கணும்ல" என்றாள்.

போன மாதம் ஒரு கிண்ணத்தில் ஆன்டிபாடி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சில புள்ளி புள்ளியாகச் சிதைந்தன, சில அப்படியே நின்றன. அரை மணி நேரத்தில் கண்பார்வைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது, ஓரத்தில் ஒன்றைத் தவிர. அது மட்டும் இடம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ் போய்விட்டது.