சிதறால் மலையில் ஒரு நிர்வாணக் கேள்வி

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் மார்த்தாண்டத்துக்காரன். ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறான். "ஒரு தடவ வந்துட்டுப் போடே" என்று பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிவராத்திரி முடிந்த வாரம் ஒருவழியாக ஈரோட்டில் ரயில் ஏறினேன்.

ரயிலில் தூக்கம் வரவில்லை. போனை நோண்டியபோது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2010-இல் நடத்திய ஒரு கணக்கெடுப்பு கண்ணில் பட்டது. சாதாரண ஜனங்களுக்கு மதங்களைப் பற்றி என்ன தெரியும் என்று 3,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் 32 கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். சராசரி மதிப்பெண் 16. விஷ்ணுவும் சிவனும் இந்து மதம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 38 பேர். தலாய் லாமா பௌத்தர் என்று தெரிந்தவர்கள் 47 பேர். கத்தோலிக்கர்களிலேயே நூற்றுக்கு 45 பேருக்கு, பூசையில் அப்பமும் ரசமும் ஏசுவின் உடலாகவும் ரத்தமாகவும் மாறுகின்றன என்பதுதான் தங்கள் சபையின் போதனை என்று தெரியவில்லை. 2019-இல் வேறு கேள்விகளோடு மறுபடி நடத்தியபோது சராசரி 14.2.

2010-இல் முதலிடம் பிடித்தவர்கள் யார் தெரியுமா? நாத்திகர்களும், கடவுள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்பவர்களும். 20.9. ஈரோட்டுக்காரனான எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ராமாயணத்தை வரிவரியாகப் படித்து வைத்திருந்தவர்கள் கோயிலுக்குப் போகாத ஆட்கள்தான்.

அமெரிக்கர்களை நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். நம்ம ஊரில் கேட்டுப் பார்ப்போமே என்று பத்துக் கேள்விகளைக் குறித்துக்கொண்டேன். வேண்டாத வேலைதான்.

நாகர்கோவிலில் இறங்கி, வடசேரியில் பஸ் பிடித்து, தக்கலை வழியாக மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்தேன். அன்று இரவு நண்பன் வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் சாளைமீன் குழம்பும். அவன் அம்மா சி.எஸ்.ஐ. சபை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் (அங்கே சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்). கிழங்கைப் பிசைந்துகொண்டே கேள்வியை ஆரம்பித்தேன்.

"ரம்ஜான் மாசம்னா என்னம்மா?"

"நோன்பு மாசம். பக்கத்து வீட்டு பீவி தெனமும் கஞ்சி குடுத்து விடுவா. வெந்தயம் போட்டு, தேங்காப்பால் ஊத்தி. மட்டன் போட்டா மட்டும் எனக்குப் பிடிக்காது."

மோசே, ஓய்வுநாள் எல்லாம் அவருக்கு வெல்லம். தலாய் லாமாவை டி.வி.யில் பார்த்திருக்கிறார்: "செவப்பு உடுப்பு போட்டு சிரிச்சிட்டே இருப்பாரு, புத்தரு ஆளு." மார்ட்டின் லூதர்? "லூதரன்காரவிய ஆளு." கத்தோலிக்கரின் அப்பத்தைப் பற்றிக் கேட்டேன். "ஆர்.சி.யில அது சரீரமாவே மாறிடும்னு சொல்லுவாவ. எங்க சபையில அப்படி இல்ல. எனக்க சித்தி மகள ஆர்.சி. வீட்டுல கெட்டிக் குடுத்தப்ப அதுக்குத்தானே அவ்வளவு பேச்சு!" அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் பாதிப்பேருக்குத் தெரியாத விஷயம் ஒரு கல்யாணச் சண்டையில் இவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தோனேசியாவில் எந்த மதத்தார் அதிகம் என்பதற்கு மட்டும் கை விரித்துவிட்டார். "தெரியாது மக்ளே. அங்க நம்ம ஆளுவ வேலைக்குப் போறதில்லியே." துபாய், குவைத் என்றால் மசூதி மசூதியாகச் சொல்லியிருப்பார் போல.

அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். "துன்பத்திலிருந்து விடுபடுற நிர்வாண நிலையை லட்சியமா வச்சிருக்கிற மதம் எது?"

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "திங்க எடத்துல என்ன பேச்சு இது!"

நண்பனுக்குப் புரையேறியது. ஆங்கிலத்தில் படித்தபோது அந்த வார்த்தை எவ்வளவு கௌரவமாக இருந்தது! தமிழில் வாயைத் திறந்து சொன்னதும் மானம் போய்விட்டது. விளக்கம் சொல்லச் சொல்ல இன்னும் மோசமானது. விட்டுவிட்டேன்.

"செரி, நீ எவ்வளவு கேட்ட, இப்ப நான் ஒண்ணு கேக்கேன்" என்றார். "சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடுதாவல்லா. பன்னெண்டும் சிவன் கோயில். ஆனா ஓடும்போது 'கோவிந்தா, கோபாலா'ன்னுதான் கூப்பிடுவாவ. ஏன், சொல்லு பாப்போம்."

நான் சைவக் குடும்பம். தேவாரம் நாலு பாட்டு மனப்பாடமாகத் தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை.

அவர் பிறந்த வீடு திக்குறிச்சி. ஓட்டத்தில் இரண்டாவது கோயில் அங்கே இருக்கிறது. திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் இந்த ஓட்டத்தில், காவி கட்டி, கையில் பனையோலை விசிறியோடு ஓடுகிறவர்களுக்கு வாசலில் மோர்ப்பானை வைப்பாராம் அவர் அப்பா. கதையும் அங்கே கேட்டதுதான். புருஷாமிருகம் என்று பாதி மனிதன், பாதி மிருகம் ஒன்று. சிவன் மேல் அப்படியொரு பக்தி, விஷ்ணு பெயரைக் கேட்டாலே ஆகாது. அதனிடம் பால் வாங்க வந்த பீமன் கையில் பன்னிரண்டு ருத்திராட்சத்தைக் கொடுத்து அனுப்புகிறார் கிருஷ்ணர். பீமன் 'கோவிந்தா, கோபாலா' என்று கூப்பிட்டதும் அது துரத்துகிறது. பிடிக்க வரும்போதெல்லாம் இவன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான். விழுந்த இடத்தில் லிங்கம். மிருகம் உட்கார்ந்து பூசை செய்ய, இவன் ஓட்டம் பிடிக்கிறான். இப்படிப் பன்னிரண்டு. கடைசியில் அரியும் அரனும் ஒன்றாகக் காட்சி கொடுக்க, சண்டை முடிகிறது.

சி.எஸ்.ஐ. அம்மா ஒருவர் ஒரு சைவனுக்குச் சிவன் கதை சொல்கிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இப்படித் தெரிஞ்சு வச்சிருந்தா சண்டையே வராதும்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "எம்பத்திரெண்டுல மண்டைக்காட்டுல இந்துவும் கிறிஸ்தவனும் அடிச்சிக்கிட்ட கலவரம் நடந்துதே, அப்பவும் எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துது" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தட்டைக் கழுவப் போனோம்.

மறுநாள் காலை சிதறாலுக்கு ஆட்டோ. மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் போல. டிரைவர் அண்ணன் நெற்றியில் வெள்ளை நாமம். "அண்ணே, வைணவமா?" என்றேன்.

"செரியாப் போச்சு! எங்கேருந்து வாறிய? நாங்க அய்யாவழி."

நேற்று இரவு போனது பத்தாது என்று இன்று காலை மிச்சமும் போயிற்று. வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. அவர்களுடைய தலைமைப் பதியான சாமித்தோப்பில் (கோயிலைப் பதி என்கிறார்கள்) சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடுகிறவன் தன்னைத்தானே பார்க்க வேண்டும். அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டசாமி (1809–1851) காலத்துத் திருவிதாங்கூரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிக்காரன் தலைப்பாகை கட்டக் கூடாது. அதனால் பதியில் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்று ஆக்கினார் அய்யா. அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்த கதையையும் சொன்னார். அமெரிக்கக் கேள்வித்தாளில் கண்ணாடியைக் கும்பிடுகிற மதத்துக்கு இடமில்லை. அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது, நான் இருப்பது அமெரிக்கா இல்லையே.

சாலையோரம் வந்த ஒவ்வொரு சர்ச்சையும் பார்த்ததும் சபை பெயர் சொன்னார்: ஆர்.சி., மலங்கரை, சி.எஸ்.ஐ., ரட்சணிய சேனை, லூதரன், பெந்தெகோஸ்தே. எதில் எத்தனை மணிக்கு ஆராதனை முடியும், எதில் நகை போடமாட்டார்கள் என்பது வரை. "எப்படிண்ணே?" என்றால், "சவாரி கிடைக்கணும்லா" என்கிறார்.

சிதறால் மலைக்கு வரலாற்றுப் பெயர் திருச்சாரணத்துமலை. கல் பாவிய பாதையில் முந்திரி மரங்களுக்கு நடுவே ஏறினால், இரண்டு பாறைகள் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் இடுக்கு வழியாகத் திடீரென்று கோயில். பாறை முழுக்கத் தீர்த்தங்கரர்கள் (சமணர்கள் வணங்கும் ஞானிகள்), ஒன்பதாம் நூற்றாண்டு வேலைப்பாடு. பாம்புப் படம் குடை பிடிக்கப் பார்சுவநாதர், சிங்கத்தோடு அம்பிகா, பத்மாவதி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இங்குள்ள படாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மலையில் பெண்கள் பாடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்தப் பாறையை விட்டு வெகுநேரம் நகரவில்லை. கீழே தென்னந்தோப்பும் ஆறுமாக எவ்வளவோ அழகு, அதெல்லாம் போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் இது பகவதி கோயிலாகிவிட்டது. நாங்கள் நின்றபோது இரண்டு பெண்கள் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"இது என்ன சாமிண்ணே?"

"ஜெயின் சாமி. வடக்கேருந்து சேட்டுமாரு வந்து கும்பிடுவாவ."

"அவங்க என்ன நம்புறாங்க?"

அத்தனை சபைகளையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர் முதல்முறையாக யோசித்தார். "அவிய இங்க யாரும் குடியில்லியே. இருந்தா கேட்டிருப்பேன்."

சரிதான். எனக்கும் அங்கேதான் உறைத்தது. பீவி வீட்டுக் கஞ்சி வருகிற வரைக்கும்தான் அந்த அம்மாவுக்கு ரம்ஜான். பல நூற்றாண்டு இந்த மண்ணில் இருந்த மதம், நாகர்கோவில் நாகராஜா கோயில் தூணில்கூடத் தீர்த்தங்கரர்களை விட்டுப்போன மதம், பக்கத்து வீடு காலியானதும் வெறும் 'ஜெயின் சாமி' ஆகிவிட்டது. நானே அதைத் தொல்லியல் துறைப் பலகையிலும் புத்தகத்திலும் படித்தவன்தான்.

நேற்றைய கேள்வியை அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, நின்ற கோலத்தில் இருந்த பார்சுவநாதரைக் காட்டி, "இதுல என்ன கஷ்டம்? இன்னா நிக்காருல்லா, உடுப்பில்லாம. இவிய மதந்தான்" என்றார்.

விடைத்தாளில் இருப்பது பௌத்தம். ஆனால் சமணர்களும் மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள் என்றுதானே தீபாவளியைக் கொண்டாடுகிறார்கள்! அண்ணனுக்கு முழு மார்க் போட்டேன். காரணம் தப்பு, விடை சரி. பள்ளிக்கூடத்தில் நானும் கணக்கில் அப்படி வாங்கியவன்தான்.

மதியத்துக்கு மேல் நண்பனோடு களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை போய், அங்கிருந்து அருவிப்புரம். எல்லை தாண்டியது பஸ் போர்டின் எழுத்து மாறியதில்தான் தெரிந்தது. தாழ்த்தி வைக்கப்பட்ட ஈழவர் சாதியில் பிறந்த நாராயண குரு 1888-இல் நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுத்திய இடம். சாதிபேதமும் மதத்துவேஷமும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் மாதிரி இடம் இது என்று மலையாளத்தில் எழுதியிருக்கிறது. குருவுக்குத் தமிழும் நன்றாகத் தெரியும், நம் பக்கத்து மருந்துவாழ் மலைக் குகையில் தவம் இருந்தவர். அவர் 1924-இல் ஆலுவாவில் சர்வமத மாநாடு கூட்டியபோது வாசலில் எழுதி வைத்த வாசகம்: வாதிக்கவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும்.

ராத்திரி வீடு திரும்பியதும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இடியாப்பம் எடுத்து வைத்தார்.

"எல்லா மதக்காரவியளும் வந்தாவளா?"

"ஆமாம்மா."

"அப்போ சாப்பாடு என்ன போட்டாவ?"