வில்லங்கத்தில் வராத தங்கை

நீடாமங்கலத்தில் பதினெட்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரயிலடியில் நெல் மூட்டை ஏற்றுகிறார். அறுவடை முடிந்து, அரவைக்காக வெளிமாவட்டங்களுக்குச் சரக்கு ரயில் கிளம்பும் மாதங்களில்தான் கையில் காசு புழங்கும். நான் அங்கன்வாடிப் பணியாளர். சீட்டுப் பணம், நகையை வைத்தால் கிடைக்கும் பணம் எல்லாம் கணக்குப் போட்டு, ஏழரை லட்சத்துக்குள் பதிவுச் செலவோடு ஒரு வீடு வேண்டும் என்று 2024 ஆவணியில் தேட ஆரம்பித்தோம்.

முதலில் பார்த்த இரண்டு வீடுகளும் நல்ல வீடுகள், விலையும் குறைவு. ஏன் குறைவு என்று விசாரித்தபோதுதான், அடிமனை கோயிலுடையது என்றார்கள். தஞ்சை, திருவாரூர் பக்கம் இது புதிதல்ல. மண் கோயிலுக்கு, மேலே நிற்கும் கட்டடம் குடியிருப்பவருக்கு. கட்டடத்தைக் கைமாற்றிக்கொள்வார்கள், மனைக்குக் கிரயப் பத்திரம் நம் பெயரில் ஆகாது. தலைமுறை தலைமுறையாக அப்படிக் குடியிருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாடகையை விட்டு வெளியேற வீடு தேடும் எனக்கு, சேமித்ததையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடியும் மனை வாடகை கட்ட மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, 960 சதுர அடி மனையில் ஒரு நாட்டு ஓட்டு வீடு. ஆறரை லட்சம் சொன்னார்கள். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற ஊர் இது. மழையோடு போய்ப் பார் என்று மாமியார் சொன்னதால் கார்த்திகை அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு போனோம். கொல்லைப்புறச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "அது கிணற்றடி ஈரம். வெள்ளம் தெருவோடு போய்விடும், வாசற்படி ஏறியதில்லை" என்றார். 2018 கஜா புயலில் பறந்துபோன ஓடுகளுக்குப் பதிலாக வேய்ந்தவை மட்டும் சிவப்பு மங்காமல் தனியாகத் தெரிந்தன. உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார் என் வீட்டுக்காரர். கறையான் அரித்த பொள்ளல் சத்தம் இல்லை. வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது.

பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதல் வில்லங்கம், அதாவது அந்த மனை மீது பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தோம். விற்கிற அண்ணன் தம்பியின் அப்பா 1983-இல் வாங்கிய கிரயம் ஒன்றுதான் வந்தது. அடமானம் எதுவும் இல்லை. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பத்திர எழுத்தர் ஒருவர்தான் நிறுத்தினார். "பதிவான பத்திரம்தான் வில்லங்கத்தில் வரும் அம்மா. யார் இறந்தார், யார் பிறந்தார் என்பது அதில் வராது. இறந்துபோன அவர்கள் அப்பாவின் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள்" என்றார்.

விற்பவர்களின் தாயும் முன்பே இறந்துவிட்டார். சான்றிதழில் இரண்டு பெயருக்குப் பதில் மூன்று பெயர் இருந்தது. மூன்றாவது, திருப்பூரில் கட்டிக் கொடுத்த தங்கை. "சீர் செய்து அனுப்பியாகிவிட்டது, அவள் எதுவும் கேட்க மாட்டாள்" என்றார் மூத்தவர். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய மனை. உயில் எழுதாமல் போய்விட்டார். அப்படியானால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே மகளுக்கும் சமபங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நாளைக்கு அவரோ அவர் பிள்ளைகளோ பங்கு கேட்டு நீதிமன்றம் போகலாம். போனால் அது நியாயமும்கூட. தங்கையிடம் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அவரிடம் நான் பேச வேண்டும் என்றேன்.

தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "வீட்டை விற்கிறார்கள் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும் அக்கா" என்றார்.

அதன்பின் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொருவர் பங்கும் தனித்தனி வங்கி வரைவோலையாகப் போக வேண்டும், அந்த விவரம் பத்திரத்தில் ஏற வேண்டும் என்றேன். பட்டாவும் இறந்தவர் பெயரிலேயே இருந்ததால் அதை முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு முறை வியாபாரம் முறிகிற நிலைக்குப் போனது. மூன்று மாதம் அலைந்தார்கள். வீடு கை நழுவிவிடுமோ என்று எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. பட்டா மாறி வந்தபோது சித்திரை பிறந்துவிட்டது.

அந்தத் தாமதத்தில் ஒரு நன்மை கிடைத்தது. 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை. முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் 8 ஆனது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு எங்கள் விலையைவிடக் குறைவு என்பதால் ஆறரை லட்சத்துக்கே கணக்கிட்டார்கள்: 58,500 ரூபாய்க்குப் பதில் 52,000. வீடு என் பெயரில் பதிவானது.

பதிவன்று காலையில் திருப்பூரிலிருந்து வந்து இறங்கிய தங்கை, அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். நேராகக் கொல்லைக்குப் போனார். நார்த்தை மரத்தின் முள் கீறாமல் கையை உள்ளே விட்டு மூன்று காய் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "அப்பா வைத்த மரம். வெட்டிவிடாதீர்கள் அக்கா" என்றார். வெட்ட மாட்டோம் என்றேன். பதிவு அலுவலகத்தில் விரல்ரேகை வைத்துவிட்டு, வரைவோலையில் இருந்த தன் பெயரை இரண்டு தடவை படித்தார்.

ஆவணிக்குள் பட்டாவும் வீட்டு வரி ரசீதும் என் பெயரில் வந்துவிட்டன. மின் இணைப்பு மட்டும் இன்னும் அவர்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது, மனு கொடுத்திருக்கிறோம்.